களிமண் கலந்த பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் நைலானும் களிமண்ணும் சேர்ந்த நானோ கலவையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். டொயோட்டாவின் ஆய்வுக்கூடத்தில், நைலான்-6க்குள் சுமார் 4% மாண்ட்மோரில்லோனைட் களிமண்ணை ஏடு ஏடாகப் பிரித்துக் கலந்தார்கள். சுமை ஏற்றிய நிலையில் நைலான் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 140 டிகிரிக்கு மேல் போனது. காரின் டைமிங் பெல்ட் உறையை அந்தப் பொருளில் செய்தார்கள். அதைப் படித்த மும்பை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். செய்முறை பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தக் களிமண்ணின் ஓர் ஏடு 1 நானோமீட்டர் தடிமன். அகலமோ அதைப்போல் நூறு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். வெற்றிலைக் கட்டுப் போல ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கட்டு பிரிந்தால்தான் பலன். பிரியாவிட்டால் நீங்கள் சேர்ப்பது விலை கூடிய மண்தூள். பிளாஸ்டிக் எளிதில் உள்ளே புக, ஏடுகளுக்கு இடையே உள்ள சோடியம் அயனிகளை நீக்கிவிட்டு நீண்ட கார்பன் வால் கொண்ட அம்மோனியம் அயனிகளை ஏற்றுவார்கள். அதைத்தான் கீழே 'மாற்றிய களிமண்' என்கிறோம்.

கேள்வி: கட்ச் பென்டோனைட்டை (மாண்ட்மோரில்லோனைட் நிறைந்த மண்) வாங்கி சிடிஏபி உப்பால் (நீண்ட வால் கொண்ட ஓர் அம்மோனியம் புரோமைடு) மாற்றிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு உப்பு என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். எட்டு முறை கழுவியும் சில்வர் நைட்ரேட் சொட்டினால் வெள்ளையாகக் கலங்குகிறது. எங்கே தவறு?
- முதுகலை மாணவி, மாட்டுங்கா

பதில்: மூட்டையில் வருவது முழுக்க மாண்ட்மோரில்லோனைட் அல்ல. குவார்ட்ஸ், சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு எல்லாம் கூடவே வரும். அதனால் சுத்தம் செய்வதில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் பென்டோனைட்டைத் தூவிக் கலக்கி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கலக்கி அசையாமல் வையுங்கள். 2 மைக்ரான் துகள் 20 டிகிரி நீரில் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். மும்பையில் நீர் 30 டிகிரியில் இருந்தால் அது ஆறரை மணியை ஒட்டி வரும், ஏனென்றால் நீர் இளகிவிடுகிறது. அந்த நேரம் முடிந்ததும் மேலேயுள்ள 10 சென்டிமீட்டரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். அடியில் தங்கிய மணலை ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

ஊறவைத்த மண் உப்பவே இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது கால்சியம் வகை. 100 மில்லி நீரில் 2 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். நல்ல சோடியம் வகை 24 மில்லி அளவுக்கோ அதற்கு மேலோ உப்பி நிற்கும். கால்சியம் வகை அதில் பாதிகூட வராது. அப்படியானால் 1 மோலார் சாதாரண உப்புக் கரைசலில் மூன்று முறை கலக்கி, ஒவ்வொரு முறையும் கரைசலை மாற்றி, பிறகு உப்பு போகும்வரை கழுவுங்கள்.

அடுத்து அயனி மாற்றுத் திறன், அதாவது மண் எவ்வளவு அயனியை மாற்றி ஏற்றுக்கொள்ளும் என்பது. யாரோ எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மண்ணையே அளந்துவிடுங்கள். மெத்திலீன் நீலம் போதும். 0.5 கிராம் உலர்ந்த களிமண்ணை நீரில் கரைத்து, 0.01 நார்மல் மெத்திலீன் நீலக் கரைசலை மில்லி மில்லியாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டை வடிதாளில் வையுங்கள். கருநீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் தோன்றி, இரண்டு நிமிடம் கலக்கிய பிறகும் அது நின்றால் அதுதான் முடிவு. 45 மில்லி செலவானால் 100 கிராமுக்கு 90 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளை மின்னேற்றத்தை வைத்து எண்ணும் அலகு) என்று கணக்கு. நல்ல மண்ணுக்கு 80 முதல் 100 வரை வரும்.

உப்பின் அளவு அதிலிருந்து வருகிறது. உங்கள் மண் 92 காட்டினால், 10 கிராமுக்கு 9.2 மில்லி ஈக்விவலன்ட். சிடிஏபியின் மூலக்கூறு எடை 364.5. இரண்டையும் பெருக்கினால் 3.35 கிராம். பத்து சதவீதம் கூட்டி 3.69 கிராம் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் ஏடுகளுக்கு இடையே கட்டுப்படாத உப்பு தேங்கிவிடும். எக்ஸ்ஆர்டியில் (ஏடுகளின் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளக்கும் சோதனை) இடைவெளி பெரிதாகத் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த உபரி உப்புதான் பிறகு எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் மெஷின்) முதலில் சிதைகிறது.

10 கிராம் களிமண்ணை 500 மில்லி நீரில் 80 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருங்கள். சிடிஏபியை வெதுவெதுப்பான 100 மில்லி நீரில் கரையுங்கள். 25 டிகிரிக்குக் கீழே அது படிகமாகிவிடும், ஏசி அறையில் பலருக்கும் இது நடக்கிறது. அரை மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பால் திரிவது போலத் திரியும். மூன்று நான்கு மணி நேரம் கலக்கிச் சூடாகவே வடிகட்டுங்கள்.

இப்போது உங்கள் வெள்ளைக் கலங்கல். சிடிஏபியின் புரோமைடு மிச்சமிருந்தால், சில்வர் புரோமைடாக வெளிர் மஞ்சளில் படியும். தூய வெள்ளை என்றால் குளோரைடு. நீங்கள் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று நினைக்கிறோம். மாநகராட்சித் தண்ணீரில் குளோரைடு எப்போதும் உண்டு, எண்பது முறை கழுவினாலும் அந்தக் கலங்கல் போகாது. கழுவப் பயன்படுத்தும் நீரிலேயே ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். காய்ச்சி வடித்த சுடுநீரும் எத்தனாலும் சம அளவு கலந்து கழுவினால் நுரையும் சீக்கிரம் அடங்கும், உபரி உப்பும் கரைந்து போகும். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சிடிஏபி மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நஞ்சு, நம் சாக்கடைகள் போய்ச் சேருவது மித்தி நதியிலும் கடலிலும்தான். தனிக் கலத்தில் சேர்த்து ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள்.

உலர்த்துவது 60 முதல் 80 டிகிரிக்குள், முடிந்தால் வெற்றிட அடுப்பில். அரைத்து 325 மெஷ் சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அரைக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். பென்டோனைட்டில் உள்ள நுண்ணிய குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

கேள்வி: மாற்றிய களிமண்ணை வாங்கி, நைலான்-6 தானாவோடு (பிளாஸ்டிக் மணிகள்) டிரம்மில் உருட்டிக் கலந்து, நேராக இன்ஜெக்‌ஷன் மெஷினில் போட்டோம். பாகம் பழுப்பாக வருகிறது, கையால் வளைத்தாலே உடைகிறது. மெஷின் பக்கம் மீன் வாடை. களிமண் மோசமா?
- மோல்டிங் பட்டறை நடத்துபவர், வசாய்

பதில்: ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, கலந்த முறை. இன்ஜெக்‌ஷன் மெஷினின் ஒற்றை ஸ்க்ரூ உருக்கித் தள்ளுமே தவிர, களிமண் கட்டிகளைக் கிழித்துப் பிரிக்கும் வேலைக்கு அது ஆகாது. கண்ணுக்குத் தெரியாத 10, 20 மைக்ரான் கட்டிகள் பாகத்துக்குள் அப்படியே நிற்கும். வளைக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. முதலில் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் கலந்து தானாவாக வெட்டிக்கொள்ள வேண்டும். நைலான் முழுக்க உருகிய பிறகு, பக்கவாட்டு ஃபீடர் வழியாகக் களிமண்ணைச் சேர்ப்பது நல்லது. கொஞ்சம் கெட்டியாக ஓடும் நைலானாகப் பார்த்து எடுங்கள். உருகல் கெட்டியாக இருந்தால் ஏடுகளின் மேல் விழும் இழுவிசை அதிகம், கட்டு எளிதில் பிரியும். தண்ணீர் மாதிரி ஓடும் கிரேடில் பிரியவே பிரியாது.

இரண்டாவது, ஈரம். நைலான் உருகிய நிலையில் ஈரம் இருந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்துபோகும், அதற்குப் பிறகு எதைச் சேர்த்தும் பலம் வராது. சாதாரணச் சூடான காற்று டிரையர் ஜூலை மாத மும்பையில் உதவாது. அது உள்ளே இழுப்பதே பனிநிலை 25 டிகிரியை ஒட்டிய ஈரக் காற்று. ஈரம் நீக்கும் டிரையரோ வெற்றிட அடுப்போ வேண்டும்: 80 டிகிரி, 12 மணி நேரம், ஈரம் 0.1 சதவீதத்தைச் சுற்றி வரும்வரை. உலர்த்திய தானாவை மூடாத ஹாப்பரில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விட்டுவைத்தாலே போதும், உலர்த்தியது வீண். களிமண்ணையும் தனியாக 80 டிகிரியில் உலர்த்துங்கள்.

மூன்றாவதுதான் மீன் வாடை. களிமண்ணில் ஏற்றிய குவாட்டர்னரி அம்மோனியம் 180, 200 டிகிரியிலேயே மெல்லச் சிதையத் தொடங்கும். ஹாஃப்மன் சிதைவு என்று இதற்குப் பெயர். சிதையும்போது அமைன் வெளிவரும், அதுதான் வாடை. நைலான்-6 உருகுவதே 220 டிகிரியில். ஆகவே இந்தச் சிக்கலை முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். பேரல் 225 முதல் 240 வரை வையுங்கள். மீட்டர் காட்டுவதை நம்பாமல், வெளியே தள்ளிய உருகலில் ஊசி தெர்மோகப்பிளைக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூவின் உராய்வால் உள்ளே 10, 20 டிகிரி கூடுதலாக இருப்பது சர்வ சாதாரணம். பேரலில் உருகல் தங்கும் நேரத்தைக் குறையுங்கள். பெரிய மெஷினில் சிறிய பாகம் அடித்தால் பொருள் உள்ளேயே வெந்துவிடும். உடைத்து அரைத்த ஸ்ப்ரூவை (பாகத்தோடு வரும் வழித்தடக் கழிவு) திரும்பச் சேர்க்காதீர்கள்.

எது முதன்மைக் காரணம் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: களிமண் இல்லாத அதே நைலானை அதே மெஷினில், அதே வெப்பத்தில் ஓட்டுங்கள். அதுவும் நொறுங்கினால் ஈரம்தான் குற்றவாளி. அது நன்றாக வந்தால் களிமண்ணையும் கலந்த விதத்தையும் பாருங்கள். விற்பவரிடம் 240 டிகிரியில் பத்து நிமிடம் நிறுத்திய டிஜிஏ (சூட்டில் எடை எவ்வளவு குறைகிறது என்று காட்டும் சோதனை) வரைபடம் கேளுங்கள். நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சூடேற்றி எடுத்த வரைபடம் உண்மையைவிட நல்லதாகக் காட்டும். இன்னொன்று: நைலானுக்கு ஒற்றை வால் (ஒரே நீண்ட கார்பன் சங்கிலி) அம்மோனியம் ஏற்றிய களிமண் நன்றாகப் பிரியும், பாலிஎத்திலீனுக்கு இரட்டை வால். வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: 5% களிமண் சேர்த்த மாதிரியின் எக்ஸ்ஆர்டியில் உச்சம் எதுவுமே இல்லை. 'ஏடுகள் முழுமையாகப் பிரிந்துவிட்டன' என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
- ஆய்வு மாணவர், பவய்

பதில்: எழுதக் கூடாது. உச்சம் மறைவதற்குப் பிரிதல் ஒரு காரணம், அவ்வளவுதான். ஏடுகள் கட்டாகவே இருந்து ஒழுங்கு மட்டும் குலைந்தாலும் உச்சம் மறையும். அளவு குறைவாக இருந்தாலும், ஏடுகள் கதிருக்குப் பிடிபடாத கோணத்தில் படுத்திருந்தாலும் மறையும். இடைவெளி 4.4 நானோமீட்டரைத் தாண்டினால் செம்புக் கதிரில் (செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர்) அதன் உச்சம் இரண்டு தீட்டா (கதிர் திரும்பும் கோணம்) 2 டிகிரிக்குக் கீழே போய்விடும். அங்கே நேர்க்கதிரின் வெளிச்சமே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஒப்பிட உங்களிடம் மூன்று வரைபடங்கள் இருக்க வேண்டும்: சோடியம் களிமண், மாற்றிய களிமண், கலவை. சோடியம் களிமண் 7 டிகிரி அருகில் வரும், அதாவது 1.26 நானோமீட்டர். சிடிஏபி ஏற்றியது 4.6 அருகில் வந்தால் 1.92 நானோமீட்டர். கலவையின் உச்சம் அதற்கும் இடப்பக்கம் நகர்ந்தால் பாலிமர் இடையே புகுந்திருக்கிறது. மாறாக 6.5 பக்கம் வலதுபுறம் நகர்ந்தால் கவனம்: ஏற்றிய உப்பு சிதைந்து வெளியேறி, ஏடுகள் மறுபடி நெருங்கிவிட்டன. இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாதிரித் தட்டின் உயரம் 0.1 மில்லிமீட்டர் தவறினாலும் இந்தக் குறைந்த கோணத்தில் உச்சம் நகர்ந்ததுபோலத் தெரியும். வளைந்த மோல்டிங் துண்டை அப்படியே வைக்காதீர்கள்.

முடிவாகச் சொல்ல டிஇஎம் (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வேண்டும். ஐஐடி பம்பாயின் சைஃப் கருவி மையம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. 70 முதல் 100 நானோமீட்டர் தடிமனுக்கு வெட்டிய சீவல்கள் தேவை. பொருள் பாய்ந்த திசையைக் குறித்துக் கொடுங்கள். குறைந்த உருப்பெருக்கத்திலும் படம் கேளுங்கள். அழகான ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. அதோடு உருகலின் ரியாலஜியையும் (அது ஓடும் விதத்தையும்) பாருங்கள். குறைந்த அதிர்வெண்ணில் சேமிப்பு மாடுலஸ் (உருகலின் மீள் விறைப்பு) சரியாமல் சமதளமாக நின்றால், ஏடுகள் ஒன்றையொன்று தொடும் வலையாகப் பரவியிருக்கின்றன என்று பொருள். டிஇஎம் ஊசிமுனை அளவு இடத்தைப் பார்க்கிறது; இது மாதிரி முழுவதையும் சேர்த்துப் பேசுகிறது.

கேள்வி: பழைய பாலிபுரோப்பிலீன் வாளி, நாற்காலியை அரைத்துத் தானா எடுக்கிறோம். நானோ களிமண் போட்டால் புதிய சரக்கு மாதிரி ஆகுமா?
- மறுசுழற்சித் தொழில் செய்பவர், தாராவி

பதில்: ஆகாது. உங்கள் செலவைக் கருதி வெளிப்படையாகவே சொல்கிறோம். வெயிலில் காய்ந்து அறுந்த மூலக்கூறுச் சங்கிலியைக் களிமண் ஒட்டவைக்காது. விறைப்பு கூடும், உடையும் தன்மையும் கூடும். மேலும், களிமண்ணில் உள்ள இரும்பு பாலிமரின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். காப்புக்காகப் போடும் ஆன்டிஆக்சிடன்ட்டின் ஒரு பகுதியைக் களிமண் தன் மேல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விறைப்புதான் வேண்டுமென்றால் 20% டால்க் (மாக்கல் தூள்) போதும், கையாள்வதும் எளிது.

வாடிக்கையாளர் நானோ கலவைதான் வேண்டும் என்றால், தரம் பிரித்த ஒரே வகைச் சரக்கில் மட்டும் செய்யுங்கள். பாலிபுரோப்பிலீன் எண்ணெய்த் தன்மை கொண்டது, களிமண்ணோடு தானாக ஒட்டாது. மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீன் இடையில் வேண்டும், களிமண்ணைப் போல் இரு மடங்கு. முதலில் மாஸ்டர்பேட்ச் (களிமண் செறிவாகச் சேர்த்த முன்கலவை): களிமண் 20, ஒட்டியது 40, சாதா பாலிபுரோப்பிலீன் 40. இரட்டை ஸ்க்ரூவில் 190, 200 டிகிரியில் ஓட்டுங்கள். பிறகு 85 கிலோ சரக்குக்கு 15 கிலோ மாஸ்டர்பேட்ச் சேர்த்தால் முடிவில் 3% களிமண். வழக்கமான ஆன்டிஆக்சிடன்ட்டோடு இன்னும் 0.2% கூடப் போடுங்கள்.

கேள்வி: அரால்டைட் எல்ஒய் 556 எபாக்ஸியில் 3% களிமண். வார்த்த தகடு முழுக்கக் குமிழி, பலமும் கூடவில்லை.
- காட்கோபர் வாசகர்

பதில்: 100 கிராம் ரெசினை 75 டிகிரிக்குச் சூடாக்கி, உலர்த்திய 3 கிராம் களிமண்ணைத் தூவி இரண்டு மணி நேரம் கலக்குங்கள். அல்ட்ராசோனிக் முனையை விட்டுவிட்டு ஓட்டுங்கள், பாத்திரம் நீர்த்தொட்டியில் இருக்கட்டும். பிறகு, ரெசின் சூடாக இருக்கும்போதே வெற்றிடத்தில் வையுங்கள். நுரை பொங்கி அடங்கும்வரை வெளியே எடுக்கக் கூடாது. ஆறிய பின்புதான் 10 கிராம் எச்ஒய் 951 ஹார்டனர் (ரெசினை இறுக்கும் பொருள்). சூட்டோடு ஊற்றினால் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். ஹார்டனர் சேர்த்த பிறகு வேகமாக அடிக்காமல் மெல்லக் கலக்குங்கள், குமிழியில் பாதி அங்கேதான் உண்டாகிறது.

பலம் கூடாததற்குக் காரணம் ஹார்டனரின் வேகம். ஏடுகளுக்கு உள்ளே இருக்கும் ரெசின் வெளியே இருப்பதைவிட முன்னதாக இறுகினால்தான் ஏடுகள் விலகும். எச்ஒய் 951 அறை வெப்பத்திலேயே வெளிப்பக்கத்தை முதலில் இறுக்கிவிடுகிறது, உள்ளே தள்ள நேரமே கிடைப்பதில்லை. சூட்டில் மெதுவாக இறுகும் ஹார்டனருக்கு மாறுங்கள். களிமண்ணும் ஆக்டடெசில் அமைன் ஏற்றியதாக இருக்கட்டும். அதிலுள்ள அமிலத்தன்மை உள்ளே இருக்கும் எபாக்ஸி வளையத்தைத் திறந்துவிட உதவும். சிடிஏபி வகைக்கு அந்தக் குணம் கிடையாது.

கேள்வி: சாதா நைலானின் மாடுலஸ் (விறைப்பு) 1.1 கிகாபாஸ்கல், 3% களிமண் சேர்த்ததும் 3.2 வந்தது. மறு மாதம் அதே தானாவில் அடித்த பாகத்தில் 1.6தான். யூடிஎம் (இழுத்துச் சோதிக்கும் மெஷின்) கெட்டுவிட்டதா?
- தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், அந்தேரி

பதில்: மெஷினைச் சந்தேகிக்கும் முன் துண்டுகளை எடை போடுங்கள். நைலான் தண்ணீர் குடிக்கும்: 50% ஈரப்பதக் காற்றில் இரண்டரை, மூன்று சதவீதம், நீரில் ஊறினால் ஒன்பதுக்கு மேல். உலர்ந்த சாதா நைலான்-6 தானே 2.7, 2.8 கிகாபாஸ்கல் காட்டும், ஈரம் குடித்தால் 1ஐ ஒட்டி இறங்கும். நீங்கள் ஈரமான சாதா துண்டை உலர்ந்த கலவைத் துண்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். மும்மடங்கு ஏற்றத்தில் பெரும்பகுதி தண்ணீர் செய்த வேலை.

மோல்டிலிருந்து எடுத்த சூட்டோடு எல்லாத் துண்டுகளையும் அலுமினியப் பையில் சிலிக்கா ஜெல்லோடு ஒட்டி வையுங்கள், உலர்ந்த நிலையிலேயே சோதியுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் 23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் ஒரே எடைக்கு வரும்வரை வையுங்கள். எந்த நிலை என்று அறிக்கையில் எழுதுங்கள். ஏஎஸ்டிஎம் டி 638 முறைப்படி குறைந்தது ஐந்து துண்டுகள். மாடுலஸுக்கு எக்ஸ்டென்சோமீட்டர் (துண்டின் நீட்சியை நேராக அளக்கும் கருவி) மாட்டாமல், கிராஸ்ஹெட் (மெஷினின் நகரும் தலை) நகர்ந்த தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிடியின் வழுக்கலும் சேர்ந்து எண் குறைவாக வரும்.

3% என்று எழுதுவதற்கு முன்னும் ஒரு சோதனை உண்டு. நீங்கள் எடை போட்டது மாற்றிய களிமண். அதில் 30, 40% வரை கரிமப் பொருள் இருக்கலாம். 2 கிராம் தானாவை மஃபிள் ஃபர்னஸில் 900 டிகிரியில் எரித்துச் சாம்பலை நிறுங்கள். 0.04 கிராம் வந்தால் சாம்பல் 2%. களிமண்ணின் கட்டமைப்பிலிருந்த நீரும் போயிருக்கும், ஆகவே 0.94ஆல் வகுத்தால் 2.1% சிலிகேட். பீடரில் தூள் தொங்கி நின்றிருந்தால் அதுவும் இங்கே பிடிபடும்; முதல் மூட்டையிலும் கடைசி மூட்டையிலும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள்.

கேள்வி: பொட்டலப் படலத்தில் ஆக்சிஜன் ஊடுருவல் எவ்வளவு குறையும்?
- சயான் வாசகர்

பதில்: ஏடுகள் படலத்துக்கு இணையாகப் படுத்திருந்தால், வாயு வளைந்து வளைந்து போக வேண்டும். நீல்சன் சூத்திரப்படி கன அளவில் 2% களிமண், ஏட்டின் அகலம் தடிமனைப்போல் 100 மடங்கு என்றால் ஊடுருவல் ஏறத்தாழ பாதியாகும். கட்டுப் பிரியாமல் அகல விகிதம் 10ஆக நின்றுவிட்டால் 11% மட்டுமே குறையும். கன அளவு என்பதைக் கவனியுங்கள்: நைலானில் எடையில் 3% களிமண் என்பது கன அளவில் 1.2% அளவுதான்.